பகலில் ஆளில்லாத ஊர்

அந்த ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே வீடு வைத்திருப்பவர்களுக்குக் கோபம் வரும் என்று பயந்து அல்ல. அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அங்கே போய் வேலை செய்கிற எங்கள் பெண்களுக்குத் தெரியும். நான் எழுதியதால் அவர்களில் ஒருத்தியின் வேலை போய்விடக்கூடாது. ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, யூனியன்வில்லையும் தாண்டி, வயல்கள் தொடங்குகிற இடத்தில் இருக்கும் ஒரு சின்ன ஊர். இவ்வளவும் போதும்.

தங்கை வதனிக்கு முதல் பிள்ளை. பக்கத்தில் இருந்து பார்க்க அம்மா இல்லை என்பதால் நான் கனடா போனேன். திருகோணமலையில் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிப்பது என் வேலை. விமான நிலையத்துக்கு வதனியின் கணவன் சிவநேசன், யாரிடமோ இரவல் வாங்கிய காரில் வந்திருந்தார். தங்கையைக் காணவில்லை.

"அவவுக்கு வேலை, அக்கா. பின்னேரம் வந்திடுவா."

ஏழாம் மாதத்தில் என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. கடிதங்களில் அவள் வேலையை விட்டுவிட்டதாகத்தான் எழுதியிருந்தாள்.

மோர்னிங்சைட்டில் உயரமான ஒரு கட்டடத்தில் அவர்களுடைய வீடு. சிவநேசன் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவுகிறார். வேலைக்குப் போகுமுன் எனக்காக இடியப்பத்தை ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து அவித்து, சொதியும் வைத்துவிட்டுப் போனார். சொதியில் தேங்காய்ப்பால் அடைத்து வந்த ரின்னின் தகர வாசம் இருந்தது. இருட்டிய பிறகு வதனி வந்தாள். கட்டிப்பிடித்தபோது அவளுடைய தலைமுடியில் வனிலா மணத்தது. புதிய சென்ற் என்று நினைத்தேன். கேக் செய்யும் ஒரு தொழிற்சாலையின் மணம் அது. எத்தனை தரம் முழுகினாலும் போகாதாம். அந்த மணத்தோடு அவளால் சோறு சாப்பிட முடியவில்லை. வெறும் சொதியைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

"என்ன வேலையடி இது, இந்த நேரத்தில?"

"கதிரையில இருந்து செய்யிற வேலைதான், அக்கா. கஷ்டமில்லை."

அடுத்த நாட்களில் நான் அந்தப் பகுதியைச் சுற்றிப் பார்த்தேன். தமிழ்க் கடையில் முருங்கைக்காய் இருந்தது, வாடிப்போய், ஆனாலும் முருங்கைக்காய்தான். ஒருநாள் பஸ்ஸில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் கொண்டக்டர் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கொண்டக்டரே கிடையாது என்றும், கயிற்றை நானே இழுக்கவேண்டும் என்றும் கடைசித் தரிப்பிடத்தில்தான் தெரிந்தது. சாரதி சீக்கியர். சிரித்துவிட்டு, அதே பஸ்ஸில் என்னைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். லிஃப்டில் சந்தித்த தமிழர்கள் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிந்தார்கள். ஆனால் எங்கள் ஊரில் கண்டவுடன் "சாப்பிட்டாச்சோ" என்று கேட்பதுபோல, இங்கே எல்லோரும் ஒருவரையொருவர் "எந்த ஷிப்ட்?" என்றுதான் கேட்டார்கள். பதில் சொல்லுமுன் லிஃப்டின் கதவு திறந்துவிடும்.

இரண்டாவது வாரம் வதனியே சொன்னாள். "வீட்டுக்குள்ளையே அடைஞ்சு கிடக்கிறியள். நாளைக்கு என்னோட வாங்கோ. எங்களை ஏத்திக்கொண்டு போற வானில ஒரு இடம் இருக்கு. நான் வேலை செய்ய நீங்கள் ஊரைப் பாருங்கோ. வடிவான ஊர்."

வான் ராசன் என்பவருடையது. அவருக்கு ஒரு பிளாசாவில் சின்ன அறையும் ஒரு ரெலிபோனும் இரண்டு வான்களும் இருந்தன. தொழிற்சாலைகள் ஆள் கேட்டால் இவர் ஆள் அனுப்புவார். சம்பளத்தைத் தொழிற்சாலை இவரிடம் கொடுக்கும், இவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு பெண்களிடம் கொடுப்பார். ஏஜென்சி என்று சொன்னார்கள். வானை ஓட்டியது தேவன் என்ற பொடியன், அதிகம் பேசமாட்டான். உள்ளே எல்லோரும் பெண்கள். பாதிப்பேர் ஏறினவுடன் தூங்கிவிட்டார்கள். எனக்குப் பக்கத்தில் மலர் என்று ஒருத்தி, மட்டக்களப்புப் பக்கம், என் வயதிருக்கும்.

நகரத்தைவிட்டு வெளியே போகிற எங்கள் பக்கத் தெரு வெறுமையாகக் கிடந்தது. எதிர்ப்பக்கத்தில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை காரின் வெளிச்சங்கள் ஊர்ந்து வந்தன.

"பார்த்தீங்களா ரீச்சர்," என்றாள் மலர். "நாம வாறம் எண்டு கேள்விப்பட்டு ஊரே ஓடுது."

வானில் விழித்திருந்தவர்கள் சிரித்தார்கள். அது பகிடிதான், ஆனால் உண்மையும் அதுதான் என்று ஊருக்குள் போனபோது கண்டேன். ரெயில் நிலையத்துக்கு முன்னால் கடல்போல் கார்கள். கழுத்துப்பட்டி கட்டிய ஆண்களும், நீளக் கோட்டும் விளையாட்டுச் சப்பாத்தும் போட்ட பெண்களும் கையில் கோப்பியோடு மேடையில் நின்றார்கள். ஒருவரோடொருவர் பேசவில்லை. ரெயின் வந்தது, ஏற்றிக்கொண்டு போனது. போனபின் அந்த ஊரில் கார்கள் மட்டும் மிஞ்சின. பின்னேரம்தான் அந்த ரெயின் திரும்பி வரும். அந்த ஊரில் வீடு உள்ளவர்களுக்கு அங்கே வேலை இல்லை. அங்கே வேலை உள்ளவர்களுக்கு அங்கே ஒரு அறையின் வாடகைகூடக் கட்டுப்படியாகாது.

தொழிற்சாலை ஊரின் ஓரத்தில், வயல்களுக்கு முன்னால் இருந்தது. பெண்கள் தலைக்கு வலை மாட்டி, தொளதொளவென்ற வெள்ளை அங்கிகளுக்குள் புகுந்தார்கள். அந்த அங்கிக்குள் வதனியின் வயிறு தெரியவில்லை. தெரியாமல் இருப்பதற்காகவே இரண்டு அளவு பெரிதாக எடுத்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கதவு மூடுமுன் உள்ளே பார்த்தேன். நீளப் பட்டியில் கேக்குகள் வந்துகொண்டிருந்தன. இரண்டு பக்கமும் பெண்கள் நின்றார்கள். உட்கார ஒரு கதிரைகூட இல்லை.

நான் கடைத்தெருவுக்கு நடந்தேன். நடைபாதை பாதி வழியில் முடிந்துவிட்டது. மிச்சத்துக்குப் பனிக்குவியலுக்கும் கார்களுக்கும் நடுவே நடக்கவேண்டும். பழைய தளபாடம் விற்கிற கடை, பூக்கடை, வங்கி, சவச்சாலை. எல்லாம் பிஸ்கட் பெட்டிப் படம் போல வடிவு. ஆளில்லை. கடைசியில் நூலகத்துக்குள் போய்க் குளிர் காய்ந்தேன். நூலகர் ஐம்பது வயதுப் பெண்மணி, மரியாதையானவர். ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறீர்களா என்று கேட்டார். தங்கை இங்கே வேலை செய்கிறாள் என்றேன். எங்கே என்று கேட்டார். கேக் தொழிற்சாலையில் என்றேன்.

"அதை மூடிவிட்டார்கள் அல்லவா?" என்றார். "அங்கே யாரும் வேலைக்குப் போவதை நான் கண்டதே இல்லை."

அவர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்.

மத்தியானம் வதனியோடு சாப்பிடலாம் என்று கட்டுச்சோற்றை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். தொழிற்சாலையின் பின்பக்கம், லொறிகள் சாமான் ஏற்றும் இடத்துக்கு வெளியே, யாரோ ஒரு பெண் சுவரோடு சாய்ந்து நின்றாள். கிட்டப் போனேன். வதனி. கோட்டுப் போட்டிருந்தாள், ஆனால் காலில் உள்ளே போடும் கன்வஸ் சப்பாத்து. தலையில் வலை அப்படியே இருந்தது. கையில் ஒரு அட்டைப்பெட்டி.

"என்னடி? ஏன் வெளியில நிக்கிறாய்?"

"தலை சுத்தினது. ஒரு வாளியைக் கவிட்டுப் போட்டு இருந்திட்டன். சுப்பவைசர் கண்டிட்டார். அங்கியைக் கழட்டச் சொன்னவர்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ராசன் அண்ணைக்குப் போன் எடுத்தவை. அவர் நிப்பாட்டச் சொல்லிப்போட்டாராம்."

"நிப்பாட்டினா? வீட்டை எப்பிடிப் போறது?"

"வான் பின்னேரம்தான், அக்கா."

"உள்ளுக்க இருக்கலாம்தானே?"

"வேலையில இல்லாத ஆக்கள் உள்ளுக்க நிக்கேலாதாம்."

நான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். சுப்பவைசர் இளம் வெள்ளைக்காரர். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "உங்கள் சகோதரி எங்களுடைய ஊழியர் அல்ல," என்றார். "ஏஜென்சியின் ஊழியர். இப்போது அவர்களுடைய ஊழியரும் அல்ல. அவர் உள்ளே விழுந்தால் காப்புறுதிப் பிரச்சினை வரும். உங்களுக்கு இது விளங்கும் என்று நினைக்கிறேன்."

"வெளியே விழுந்தால்?" என்று கேட்டேன்.

"அவருக்கு ஒரு பெட்டி கேக் கொடுத்திருக்கிறோம்," என்றார். உண்மையாகவே ஆறுதலாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் பெண்கள் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மலர் மட்டும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு முன்னால் கேக்குகள் குவியத் தொடங்க, அவளும் குனிந்துவிட்டாள்.

திருகோணமலையில் நான் எத்தனையோ சோதனைச் சாவடிகளில் வரிசையில் நின்றிருக்கிறேன். துவக்குப் பிடித்த ஆமிக்காரனும்கூட வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சியைக் கண்டால் வரிசைக்கு முன்னால் வரச் சொல்லுவான். அவன் எங்களை மனிசராக மதிக்கிறவன் என்று சொல்லவரவில்லை. அவனுக்கும் வயிறு கண்ணில் பட்டது என்றுதான் சொல்கிறேன்.

வெளியே ஒரு ரெலிபோன் கூண்டு இருந்தது. ஒரு வாடகைக் காரைக் கூப்பிட ராக்ஸிக் கம்பனிக்கு அடித்தேன். ஊரில் இருக்கும் இரண்டு ராக்ஸியும் ரெயின் நேரத்துக்குத்தான் ஓடும் என்று ஒரு குரல் சொன்னது. சிவநேசனின் ஹோட்டலில் யாரும் எடுக்கவில்லை. நூலகம் வரை நடந்துவிடலாம் என்று அவளைக் கையில் பிடித்துக்கொண்டு புறப்பட்டேன். கேக் பெட்டியை வாங்கிப் பனிக்குவியலில் எறிந்தேன்.

பாதிவழியில் அவள் நின்றுவிட்டாள். "அடிவயிறு இழுக்குது, அக்கா."

இரண்டு பக்கமும் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கார் நிறுத்துமிடம், கதவில் காய்ந்த பூவளையம். முதல் வீட்டில் மணியடித்தேன். இல்லை. அடுத்த வீட்டில் நாய் மட்டும் குரைத்தது. அடுத்ததும் இல்லை. அவளை ஒரு வீட்டுப் படியில் இருத்திவிட்டு நான் தெருவின் இரண்டு பக்கமும் ஓடி ஓடி மணியடித்தேன். அவ்வளவு பெரிய வீடுகளில், அவ்வளவு சூடேற்றிய அறைகளில், பகல் முழுக்க ஒருவரும் இல்லை. நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபத்தை உணர்ந்ததில்லை. யாரிடம் கோபப்படுவது என்றுகூடத் தெரியாத கோபம்.

கடைசியில் ஒரு கதவு திறந்தது. திறந்தவள் வெள்ளைக்காரி அல்ல. சின்ன உருவம், இடுப்பில் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. பிலிப்பைன்ஸ்காரி. பெயர் லோர்னா என்று பிறகு சொன்னாள். அந்த வீட்டில் தங்கிப் பிள்ளை பார்க்கிறவள். நான் ஒரு வசனம் முடிக்குமுன் தெருவுக்கு எதிரே படியில் இருந்த வதனியைப் பார்த்துவிட்டாள். குழந்தையை என் கையில் தந்துவிட்டு, வீட்டுச் செருப்போடு பனியில் ஓடினாள்.

வாசலில் வதனி பழக்கத்தில் குனிந்து சப்பாத்தைக் கழற்றப் போனாள்.

"அதை விடுங்கள்," என்றாள் லோர்னா. "நிலத்தை நான் துடைத்துக்கொள்வேன். வீட்டுக்கார அம்மா பின்னேர ரெயினில்தான் வருவார்."

வரவேற்பறையின் வெள்ளைச் சோபாவில் அவளைப் படுக்க வைத்து, தன்னுடைய போர்வையைக் கொண்டுவந்து மூடினாள். அம்புலன்சைக் கூப்பிட்டாள். அது வரும்வரை சட்டியில் இருந்த இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சியைச் சூடாக்கித் தந்தாள். தனக்காக வைத்த கஞ்சி அது. நான் வந்த நாளிலிருந்து வதனி முழுதாக ஒரு கோப்பை குடித்துக் கண்டது அன்றுதான். "உங்களுக்கு இதனால் பிரச்சினை வராதா?" என்று கேட்டேன். "வரலாம்," என்றாள் அவள், குழந்தையின் மூக்கைத் துடைத்தபடி.

ஹொஸ்பிற்றலில் பிள்ளையின் இதயத்துடிப்பைக் கேட்கவைத்தார்கள். குதிரை ஓடுவதுபோல இருந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஆனால் பிறக்கும்வரை தாய் படுக்கையில் இருக்கவேண்டும் என்றார் டொக்டர். சிவநேசன் சவர்க்கார மணத்தோடு ஓடி வந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "ராசன் அண்ணை என்ன சொன்னவர்?" என்றார்.

நான் திரும்பி வதனியின் போர்வையைச் சரிசெய்தேன். பதில் சொல்லத் தொடங்கியிருந்தால் ஹொஸ்பிற்றல் என்றும் பார்த்திருக்கமாட்டேன். சிவநேசன் கனடா வந்தபோது அவருக்கு முதல் வேலை எடுத்துக் கொடுத்ததும், வீட்டுக்குப் பிணை நின்றதும் ராசன்தான் என்று பிறகு வதனி சொன்னாள்.

அடுத்தநாள் வதனி வீட்டுக்கு வந்த கையோடு ராசன் வந்தார். கையில் ஹோர்லிக்ஸ் போத்தலும் திராட்சைப் பழமும். சிவநேசன் கதிரையைத் துடைத்துப் போட்டார், தேத்தண்ணி ஊற்றினார். ராசன் மெல்லிய குரலில் பேசுகிற மனிதர்.

"பிள்ளை முதலே சொல்லியிருக்கலாம்," என்றார், கதவு திறந்திருந்த பக்கத்து அறையில் கட்டிலில் படுத்திருந்த வதனியைப் பார்த்து. "மறைச்சதுதான் பிழை. அவங்கள் என்னைத்தானே கேக்கிறாங்கள்."

"சொல்லியிருந்தா என்ன செய்திருப்பியள்?" என்று நான் கேட்டேன்.

"நிப்பாட்டியிருப்பன், ரீச்சர். பிள்ளையின்ர நன்மைக்குத்தான்."

"பிள்ளையின்ர நன்மைக்குத்தான் பனிக்குள்ள விட்டனீங்களோ? உங்களிட்ட ரெண்டு வான் நிக்குது. ஒண்டை அனுப்ப ஏலாமல் போச்சோ? ஒரு போன் எடுத்து, 'உள்ளுக்க ஒரு மூலையில இருக்க விடுங்கோ' எண்டு சொல்ல வாய் வரேல்லையோ? உங்கட வீட்டுப் பொம்பிளையா இருந்தா அப்பிடி விட்டிருப்பியளோ?"

"அக்கா," என்றார் சிவநேசன்.

ராசன் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். கோபப்படவில்லை. "ரீச்சர், நீங்கள் பிள்ளை பிறந்த கையோட பிளேன் ஏறிடுவியள். இவை இஞ்சதான் சீவிக்கவேணும். கோபத்தில கதைக்கிறது லேசு. நாளைக்கு இவைக்கு ஒரு வேலை எண்டா ஆரிட்ட வருவினம்?"

அவர் சொன்னது உண்மை என்பதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அப்போது கட்டிலில் இருந்து வதனி பேசினாள். அவள் எழும்பவில்லை. "உங்களிட்ட வரமாட்டன், அண்ணை," என்றாள். "அக்கா போயிடுவா. அது சரி. நான் இஞ்சதான் இருப்பன். நீங்கள் என்னை எங்க விட்டனீங்கள் எண்டு கேக்கிற ஆக்களுக்குச் சொல்லிக்கொண்டு இஞ்சதான் இருப்பன். நீங்கள் போகலாம்."

சின்ன வயதிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசாதவள் அவள். சிவநேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எனக்கு ஆச்சரியமாக, போய்க் கதவைத் திறந்து பிடித்தார்.

அன்று பின்னேரம் வதனி படுத்தபடியே ரெலிபோனை எடுத்தாள். வானில் வருகிறவர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டாள். வேலைக்குப் போகவேண்டாம் என்று யாருக்கும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னாள். வாளியை, சுவரை, கன்வஸ் சப்பாத்தை, நான் மணியடித்த வீடுகளை. ஒவ்வொருத்திக்கும் அதையே திரும்பத் திரும்ப, குரல் உயர்த்தாமல். சிலர் அழுதார்களாம். ஒருத்தி, "எனக்கும் நாலு மாசம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். மலர் கடைசியாக எடுத்தாள். "நான் நிமிர்ந்து பார்த்திட்டுக் குனிஞ்ச நான். அதை மறக்க ஏலாது," என்றாள். "மறுகா என்ன செய்யிற எண்டு நீ சொல்லத் தேவையில்லை. நான் பார்க்கிறன்."

மறுநாள் விடியற்காலை நான் யன்னலால் பார்த்தேன். வான் வாசலில் நின்றது, புகை விட்டுக்கொண்டு. இரண்டு பேர் மட்டும் ஏறினார்கள். தேவன் இறங்கி நின்று கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வான் போய்விட்டது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். பெண்களும் பயந்துகொண்டுதான் வீட்டில் இருந்தார்கள். கணவன்மார் சண்டை பிடித்த வீடுகளும் உண்டு. ராசன் ரெக்ஸ்டேல் பக்கம் ஆள் தேடினார் என்று கேள்விப்பட்டோம். ஆனால் அந்தப் பட்டியில் புது ஆட்களை விட்டால் கேக் நிலத்தில் விழும். தொழிற்சாலைக்காரர் ராசனை நெருக்கினார்கள்.

ஒரு கிழமைக்குள் மலர் மூலம் பேச்சு வந்தது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு அறை, அதில் கதிரைகள், யாருக்கும் உடம்புக்கு முடியாமல் போனால் வான் வரும்வரை அங்கே இருக்கலாம். மலசலகூடத்துக்குப் போகக் கேட்கத் தேவையில்லை. பிள்ளைத்தாய்ச்சிகளுக்குப் பெட்டி மடிக்கிற வேலை, இருந்தபடி. இதெல்லாம் வாயால் சொன்னதுதான், ஆனாலும் செய்தார்கள். வதனியைத் திரும்ப எடுக்கவேண்டும் என்றும் மலர் கேட்டாள். அதற்கு மட்டும் முடியாது என்றார்கள்.

"அப்ப நாங்களும் போகேல்லை," என்று மலர் எங்கள் வீட்டுக் குசினியில் நின்று சொன்னாள்.

"போங்கோ மலர் அக்கா," என்றாள் வதனி. "அந்தப் பிள்ளைக்கு நாலு மாசம். அவளாவது இருந்து வேலை செய்யட்டும்."

அவர்கள் போனார்கள். எனக்கு அது வெற்றி என்று சொல்ல இன்றுவரை மனம் வரவில்லை. மனிதர் இருக்க ஒரு கதிரை. அதற்காக ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் நடக்கவேண்டியிருந்தது, அப்படி நடந்தவளுக்கே அந்தக் கதிரை கிடைக்கவில்லை. லோர்னாவைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவநேசனும் நானும் மோதகம் கொண்டு போனோம். வீட்டுக்காரர் இருவரும் இருந்தார்கள். லோர்னா இப்போது இங்கே வேலை செய்வதில்லை என்றார் அந்த அம்மா. எங்கே போனாள் என்று தெரியாதாம்.

மே மாதம், மரங்கள் துளிர்த்த பிறகு, வதனிக்குச் சுகமாகப் பிள்ளை பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்று வேலை முடிந்த கையோடு மலரும் மற்றவர்களும் வந்தார்கள். அறை முழுக்க வனிலா மணம். பிள்ளையை ஆளாளுக்கு மாற்றி மாற்றி வைத்திருந்தார்கள். அந்த நேரம் கீழ்வாசலில் இருந்து ராசன் மணியடித்தார். மேலே வரவில்லை. தேவனிடம் ஒரு பெரிய பார்சலைக் கொடுத்துவிட்டார். பிள்ளை குளிக்க வார்க்கும் தொட்டி, துவாய், சட்டைகள், நாடா கட்டி வடிவாகச் சுற்றியிருந்தது. தேவன் அதை வாசலில் வைத்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான். சிவநேசன் வதனியைப் பார்த்தார்.

"திருப்பிக் குடுத்துவிடுங்கோ," என்றாள் வதனி.

பார்சலை நான்தான் தூக்கினேன். லிஃப்டில் கீழே போனேன். ராசன் வானின் முன்சீற்றில் கண்ணாடியை இறக்கிவிட்டு இருந்தார். மற்றப் பக்கக் கதவைத் திறந்து, பார்சலை அவருக்குப் பக்கத்து சீற்றில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவமானப்பட்டதாகத் தெரியவில்லை. கொஞ்சம் களைத்துப்போனவர்போல இருந்தார்.

"என்ன பிள்ளை, ரீச்சர்?" என்று கேட்டார். "பெடியனோ, பெட்டையோ?"

நான் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தேன்.